ஈயம் ஊற்றிய துப்பாக்கி

அபுதாபியின் பட்டறைப் பகுதியான முசஃபாவில் வெல்வெட் ஒட்டுகிறேன் என்றால் கார் சீட்டுக்கா என்றுதான் கேட்பார்கள். இல்லை, பெட்டிகளுக்கு. நகைப் பெட்டி, வாட்ச் பெட்டி. இந்த வருஷம் துப்பாக்கிப் பெட்டியும் சேர்ந்துகொண்டது. அபுதாபியில் ஒரு அரபி முதலாளி, அமெரிக்காவின் கௌபாய் காலத்து ரிவால்வர்களைச் சேகரிக்கிறார். யார் யார் கைமாறி வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாத துப்பாக்கியை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார்.

"மொதல்ல ஒரு ஷெரீஃப், அப்பறம் ஒரு குதிரை யாவாரி, அப்பறம் அவன் பொண்டாட்டி. இந்தப் பேருங்க இல்லேன்னா இது வெறும் பழைய இரும்பு, தம்பி" என்பார் அவருடைய மேனேஜர் சதக்கத்துல்லா. எங்கள் ஊர்க்காரர். வயதில் மூத்தவர் என்பதால் காக்கா என்று கூப்பிடுவேன்.

அளவெடுக்க அசலைத் தர மாட்டார்கள். அதே மாதிரி வார்த்து, எடைக்கு உள்ளே ஈயம் ஊற்றி, சாயம் பூசிய டம்மியைத்தான் தருவார்கள். நேற்று பெட்டி முடிந்தது. கடைசியாக வைத்துப் பார்க்க, காக்கா அசலையே கொண்டு வந்தார். இரண்டும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. காக்கா போன் பேச வெளியே போனார். நான் ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. திரும்பி வந்த காக்கா பெட்டியை எடுத்துக்கொண்டார். மற்றதைக் காட்டி, "டம்மி இனி வேணாம், தூக்கிப் போட்டுரு" என்று அவரே சொன்னார்.

தூக்கிப் போடுவானேன்? என் ரூம்மேட் விஜயபாஸ்கர், முதுகுளத்தூர்க்காரன், தீபாவளிக்கு லீவில் போகிறான். மகன் துப்பாக்கி கேட்டு அழுகிறானாம். இன்று டாக்ஸி கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, மகனுக்குப் பொம்மை என்று சொல்லி, துண்டில் சுற்றிய டம்மியை அப்படியே அவன் பெட்டிக்குள் பால்பவுடர் டின்களுக்கு நடுவே திணித்தேன்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் காக்கா ஓடி வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மொதலாளி துப்பாக்கிக் குதிரைய இழுத்துப் பாத்திருக்காரு, அசையல. டம்மியையில்ல பெட்டில வச்சிருக்கே! அசலு எங்கடா?"

தூக்கிப் போடாமல் ரூம்மேட் பெட்டியில் வைத்துவிட்டதைச் சொன்னேன். விஜயபாஸ்கருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன். காக்காவின் காரில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். விமானத்தில் துப்பாக்கி! இந்த நாட்டில்!

பாதி வழியில் காக்கா குரலைத் தாழ்த்தினார். "இங்கே பாரு சாகிரு. திருட்டுன்னு சொல்லிருவோம். கடைக்கு வந்தான், எடுத்துட்டான். நீ சாட்சி. ஒனக்கும் எனக்கும் ஒண்ணும் வராது."

மறைப்பானேன், ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. ஜெயில், நாடு கடத்தல், ஊரில் என் மனைவி நஜீஹா என்று எல்லாம் கண்முன் வந்து போயின. பிறகு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது.

"அவன் பெட்டில வச்சது நான் காக்கா. என் கை."

ஏர்போர்ட் வாசலில் என்னை மட்டும் இறக்கிவிட்டுக் காக்கா போய்விட்டார். பெரிய மனுஷன்!

நண்பன் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று போலீஸ்காரரிடம் தெரிந்த இந்தியில் உளறினேன். அவர் முகம் மாறவில்லை. யாருக்கோ போன் பேசிவிட்டு ஓர் அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே ஓர் அதிகாரியின் எதிரே விஜயபாஸ்கர் உட்கார்ந்திருந்தான். பெட்டி திறந்து கிடந்தது. டின்கள், சோப்பு, துண்டு, துண்டின் மேல் அது.

என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினான்.

"நீ ஏண்டா மாப்ள வந்த? போயிரு. பொம்மைக்கு என்னமா அலட்டிக்கிறாய்ங்க! போன்ல ஒருத்தர் தமிழ்ல கேட்டாரு, யாரும் குடுக்கல, எல்லாம் என்னோடதுதான்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்."

லீவில் போகிற எவனும் சொல்கிற பதில்தான். ரூமில் பத்துப் பேர் கொடுத்ததைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு, பெட்டி கட்டியது யார் என்று கேட்டால் நான்தான், எல்லாம் என்னுடையது என்போம். கொடுத்தவனைக் காட்டிக் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

"விஜி, அது பொம்மை இல்லடா. நெசத் துப்பாக்கி. மாறிப் போச்சு."

சிரிப்பு அப்படியே நின்றது. துப்பாக்கியைப் பார்த்தான், தான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான்கு வருஷமாக ஒரே சட்டியில் சோறு தின்றவன், யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"தெரிஞ்சேதான் என் பெட்டில வச்சியா?"

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று என்னிடம் இந்தியில் கேட்டார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"நான் தெரிந்தே வைத்தேனா என்று கேட்கிறான், சார்" என்றேன்.