உத்தரவுப்படி ஒரு கூரை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி, கல்முனையில் ஸம்ஸியா குடியிருந்த வாடகை வீட்டின் ஓடுகளில் பாதியை அள்ளிக்கொண்டு போனது. ஸம்ஸியா மூதூர்க்காரி. மருத்துவிச்சி வேலையில் இங்கே மாற்றலாகி வந்து மூன்று வருசம். புருசன் சவூதியில் லொறி ஓட்டினார். அவளும் நாலு வயது மகளும்தான் அந்த வீட்டில்.

வீடு மீராமுகைதீன் போடியாருடையது. சவளக்கடைப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. சேதப்பட்ட வீடுகளுக்கு அரசாங்கம் தகரம் கொடுத்தபோது, கிராம அதிகாரியான விதானையின் பட்டியலில் இந்த வீட்டு இலக்கத்துக்கு நேரே அவருடைய பெயர்தான் இருந்தது. சொந்தக்காரர் அவர்தானே. வந்த தகரம் முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் நெல்லுக் களஞ்சியத்துக்குப் போட்டுவிட்டார்.

ஸம்ஸியா அவரிடம் போய்க் கேட்டாள்.

"போடியார், அந்தத் தகரம் நான் இரிக்கிற வீட்டுக்கெண்டு வந்தது. மழை பெய்தா ஒரு அறையிலதான் நனையாம இரிக்க ஏலுது."

"நெல்லு நனைஞ்சா முளைச்சிரும் மகள். வீட்ட மறுகா பார்ப்பம்."

அந்த 'மறுகா'வை அவள் ஐந்து மாதம் கேட்டாள். இடையில் தானே தென்னோலைக் கிடுகு வாங்கி, ஆள் பிடித்து மேலே போட்டாள். காற்றடித்தால் கிடுகு தூக்கியது. சித்திரையில் போடியார் விசயத்தை வெளியே சொன்னார்.

"எங்கட மகள் சித்தி லைலாவுக்கு மாப்பிள்ளை சரிவந்திருக்கு. சீதன வீடு இல்லாம கலியாணம் நடக்கிற ஊரா இது? நீங்க வேற வீடு பார்த்தா நல்லம்."

அவள் பார்க்காமல் இல்லை. வேலை முடிந்து தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்தாள். சூறாவளிக்குப் பிறகு கூரையோடு இருந்த வீடுகளில் எல்லாம் இரண்டு மூன்று குடும்பம் இருந்தது. அடுத்த மாதம் வாடகையைக் கொண்டு போனபோது போடியார் கையை நீட்டவில்லை.

நீதிமன்றத்துக்கு எதிரே மனு எழுதிக்கொடுக்கும் பூபாலசிங்கம் ஒரு காலத்தில் வழக்காடும் பிரக்கிராசி ஒருவரிடம் கிளார்க்காக இருந்தவர். ஸம்ஸியா அவரிடம் போனாள்.

"அவர் வாங்காட்டியும் வாடகையக் கட்டாம விடக்கூடாது தங்கச்சி. பட்டின சபையில கட்டுங்க, காசு கட்டினதுக்குத் துண்டு தருவாங்க. இல்லாட்டி வாடகை தராத ஆள் எண்டு வழக்கு வரும்."

"மகளுக்கு வீடு வேணுமெண்டு கேக்கிறாரே, ஐயா?"

"வேணுமெண்டா நோட்டீஸ் குடுத்து கோட்டுக்குப் போகட்டும். அது அவர்ர உரிமை. கூரையப் போடாம உங்கள ஓட வைக்கிறது உரிமை இல்ல."

அவர் எழுதிய மனு, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகைச் சபைக்குப் போனது. விசாரணையின் முதல் தவணைக்குப் போடியார் வரவில்லை. இரண்டாம் தவணைக்கு அவருக்குச் சுகமில்லை என்று துண்டு வந்தது. மூன்றாம் தவணையன்று ஸம்ஸியா சபை வாசலில் காத்திருந்த நேரத்தில், நற்பிட்டிமுனையில் அவள் பார்த்துவந்த ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, ஆளில்லாமலே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்த வீட்டார் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு இன்னும் குத்தியது.

நாலாம் தவணையில் உத்தரவு வந்தது. வீட்டுக்காரர் கூரையைத் திருத்திக்கொடுக்க வேண்டும். போடியார் முகம் சுளிக்காமல், "சரி, செய்யிறன்" என்றார். ஸம்ஸியா அன்று மகளுக்கு மஸ்கற் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

செப்டம்பரில் வேலையாட்கள் வந்தார்கள். மதியத்துக்குள் மீதி ஓடுகளைக் கழற்றி வளவுக்குள் அடுக்கினார்கள். கிடுகையும் இறக்கினார்கள். உக்கிப்போனது என்று சொல்லிச் ஓட்டைத் தாங்கும் சலாகை மரங்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் மேசனைத் தேடிப்போனாள்.

"போடியார் வேலைய நிப்பாட்டச் சொல்லிட்டார், ராத்தா. மரம் வரணுமாம்."

சபைக்கு ஓடினாள். அங்கிருந்த உத்தியோகத்தர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"திருத்த வேலை தொடங்கியிருக்குதானே? எத்தனை நாளைக்குள்ள முடிக்கணும் எண்டு உத்தரவில இல்லையே."

பூபாலசிங்கம் அந்த உத்தரவை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாள் கேட்டு எழுதியிருக்கணும். என்ர பிழை, தங்கச்சி."

அவள் உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஸம்ஸியா அவளைத் தூக்கிக்கொண்டு, தான் வேலை செய்யும் கிளினிக்குக்குப் பின்னால் மருந்துப் பெட்டி வைக்கும் அறைக்குப் போனாள். கட்டிலும் அலுமாரியும் வீட்டிலேயே நனைந்தன. வெறும் சுவர்கள்தான் என்றாலும் கதவுக்குத் தன் பூட்டைப் போட்டாள். பட்டின சபையில் வாடகை கட்டுவதையும் நிறுத்தவில்லை.

மார்கழியில் போடியார் ஒரு கடதாசியோடு கிளினிக்குக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார்.

"கலியாணம் தள்ளித் தள்ளிப் போகுது மகள். உங்கட விருப்பத்தில வீட்ட விட்டதெண்டு இதில ஒரு ஒப்பம் வைங்க. ஒரு கிழமைக்குள்ள கூரையப் போட்டிருவன்."

"அப்ப மரம் வந்திட்டா, போடியார்?"

அவர் கடதாசியை மேசையில் விரித்து வைத்தார்.

"என்ர விருப்பத்தில எண்டு எழுதாதீங்க. கூரையக் கழட்டினதால போனது எண்டு எழுதுங்க. இப்பவே ஒப்பம் வைக்கிறன்."

"அப்பிடி எழுதினா அது எனக்கு எதிராப் போகும்."

"நடந்ததத்தானே சொல்றன்."

"சித்தி லைலாவும் ஒரு பொம்புளப் புள்ளதானே. அத நினைச்சிப் பாருங்க."

நினைக்காமலா இருந்தாள்? அந்தப் பெண்ணைத் தெருவில் காணும்போதெல்லாம் அவளுக்கு முகம் கொடுக்க முடியாமல்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒப்பத்தை வைக்கக் கை வரவில்லை.

"நானும் ஒரு பொம்புளப் புள்ளயோடதான் இந்த மருந்து அறையில இரிக்கிறன்," என்றாள்.

போடியார் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பூபாலசிங்கம் காசு வாங்காமல் இன்னொரு மனு எழுதிக்கொடுத்தார். இந்தத் தடவை நாள் கேட்டிருந்தார். அந்த வரியைக் கோடு போட்டுக் காட்டினார். மூன்று கிழமை கழித்துச் சபையிலிருந்து பதில் வந்தது. தவணை பெப்ரவரி பதினான்காம் திகதி.

ஸம்ஸியா கிளினிக் நாட்குறிப்பைப் புரட்டினாள். அந்தத் திகதியை ஒட்டி நற்பிட்டிமுனையில் இரண்டு பெண்களுக்குப் பிரசவ நாள் குறித்திருந்தது. அதை மூடிவைத்துவிட்டு, தவணை நாளுக்கு லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.