வர்ற பதினஞ்சு

ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்துக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, அக்கா கொண்டுவந்த தூக்கைத் திறந்து இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான் ராஜமாணிக்கம். பஞ்சாயத்து ரேடியோ அறையில் அவனுக்கு ஒரு ஸ்டூல், ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு மைக், சுவரில் ஒரு தினசரி நாள்காட்டி. இவ்வளவுதான் அவன் ராஜ்ஜியம். அக்கா கன்னியம்மா வாசற்படியிலேயே நின்றாள். நடவுக்குப் போகிற வழியில் தம்பிக்கு நாஷ்டா கொடுத்துவிட்டுப் போகிறவள், ஒருநாளும் உள்ளே வந்து உட்கார்ந்தவள் இல்லை.

"ஏன் தம்பி, பதினஞ்சுக்கு இன்னும் பதினாறு நாள் கீது இல்ல? மனு எழுதறத ஆடி பொறந்தப்புறம் வெச்சிக்கலாம்னு எங்க தெருவுல பேசிக்கினாங்க. செரிதானே?"

"செரிதான்க்கா" என்று வாய் நிறைய இட்லியோடு சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் கண் நாள்காட்டிக்குப் போயிற்று. பெரிய எழுத்தில் 15. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆனி 31. கையிலிருந்த இட்லித் துண்டைத் தூக்கிலேயே போட்டான்.

கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம், பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கிற ஊர் ஏழுகண்பேட்டை. தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு, மாநிலச் செய்திக்கு முன்னால், பஞ்சாயத்துச் சமாச்சாரங்களை ராஜமாணிக்கம் மைக்கில் சொல்வான். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், அம்மை குத்த யார் வருகிறார்கள், சீமெண்ணெய் என்றைக்கு, யார் வீட்டு எருமை யார் கொல்லையில் கட்டிக் கிடக்கிறது, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சர்க்கார் காகிதத்தில் முழ நீளத்துக்கு எழுதியிருப்பதை அவன் இரண்டே வரியாக்கி வாய்ப்பேச்சில் போட்டுவிடுவான். "மாணிக்கம் சொன்னாத்தான்யா புரியுது" என்று ஊரே சொல்லும். அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த மிதப்புக்கு ஒரே ஓர் எதிரி இருந்தது. ஆம்ப்ளிபயர் கிழடு. 'ஜூ' என்று வாயைக் குவித்தால் போதும், வேப்பமரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய் வீல் என்று கத்தும். போன வருஷம் 'ஜூன் ஒண்ணாந் தேதி' என்று ஆரம்பித்து, குழாய் போட்ட கூச்சலில் டீக்கடை பெஞ்சு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு நாள் அவன் டீ குடிக்கவே போகவில்லை. அன்றிலிருந்து ஜூனும் கிடையாது, ஜூலையும் கிடையாது. 'வர்ற அஞ்சாந் தேதி', 'வர்ற பத்தாந் தேதி', அவ்வளவுதான். பஜார் தெருக்காரர்களுக்கு அது போதும்.

ஊர்க்கோடியில் அக்கா இருக்கிற ஓடைமேட்டுக்கு அது போதாது. அங்கே தேதி என்றால் தமிழ்த் தேதி. பிள்ளை பிறந்தது தை எட்டு, கூரை மாற்றியது மாசி பன்னிரண்டு. இங்கிலீஷ் தேதியெல்லாம் கம்பெனி கட்டடத்துக்கு மண் சுமக்கப் போகிற ஆம்பிளைகள் கேட்டிலேயே விட்டுவிட்டு வருகிற சங்கதி. அங்கேயே பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்கு அப்புறம் பஜார் தெருவுக்குக் குடிவந்த ராஜமாணிக்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நினைப்பு வரவில்லை, பாவி. ஜூலை ஒன்றாம் தேதி, அதாவது ஆனி பதினேழு அன்றைக்கு, குழாயில் கணீரென்று சொன்னான்: "ஓடைமேட்டு மக்களுக்கு ஒரு சமாச்சாரம். கம்பெனிக்கு நெலம் எடுக்கறாங்க. ஒங்க நாப்பத்தோரு ஊடும் அதுல வருது. வேணாங்கறவங்க வர்ற பதினஞ்சாந் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பொன்னேரி தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுக்கணும்." ஆனி பதினேழில் நின்றுகொண்டு வருகிற பதினைந்து என்றால், ஓடைமேட்டுக்கு அது ஆடி பதினைந்து. சர்க்காருக்கு அது இன்று.

"யக்கா" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "இன்னைக்குதான்க்கா அது."

"எது?"

"பதினஞ்சு. இங்கிலீஷ் பதினஞ்சு. நான் ஜூலைன்னு சொல்லல."

கன்னியம்மா நாள்காட்டியைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"ஆம்பிளைங்க லைனுக்கு அந்தாண்ட மண்ணு சொமக்கறாங்க. நான் போய் இட்டாறேன். நீ மனுவ எழுதி எடுத்துக்கினு கழனிக்குப் போ" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை, முட்டிவலிக்காரி, அப்படி ஓடுவாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

பஞ்சாயத்து எழுத்தர் துளசிராமன் விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நோட்டீஸ்ல ஜூலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குதேய்யா! எல்லாருக்கும் தெளிவா அறிவிச்சாச்சுன்னு கீழே கையெழுத்துப் போட்டது யாரு? நீதானே? மனு வராத வூட்டுக்கெல்லாம் சம்மதம்னு எழுதிக்குவாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

"சார், எப்படியாவது எழுதிக் குடுங்க சார். கால்ல வேணா விழறேன்."

"எழுதறேன். ரேகைக்கு எங்க போவே? ஒருத்தனும் வூட்ல இருக்க மாட்டான். குழாயில கூப்பிடலாம்னா கரண்டும் ஆறு மணிக்கு மேலதான் வரும்." எரிந்து விழுந்தாலும் மனுஷர் கை நிற்கவில்லை. வீட்டு வரி நோட்டைப் பார்த்து வீட்டுக்கு ஒருவராக நாற்பத்தொரு பெயரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ரேகைக்கு இடம் விட்டு, ஊதா மைப் பெட்டியை அவன் கையில் திணித்தார். "மூணு மணி கூடூர் பாசஞ்சரைப் புடி. அத விட்டா அஞ்சுக்குள்ள பொன்னேரி போய்ச் சேர மாட்டே. இது உன் வேலைக்கே உலை வெக்கும், தெரியுதில்ல?"

தெரியாமல் என்ன? தற்காலிக வேலை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை தலைவர் நீட்டிக் கொடுக்கிற வேலை. ஆனால் கழனி வரப்பில் விழுந்து எழுந்து ஓடும்போது அவன் நினைப்பில் இருந்தது வேலை அல்ல. நாற்பத்தொரு கதவு. அதில் ஒன்று, அம்மா செத்த பிறகு அக்கா அவனுக்குச் சோறு போட்டு வளர்த்த வீட்டின் கதவு.

சேற்றில் குனிந்திருந்த பெண்களை வரப்பில் நின்று கூப்பிட்டான். குழாய் இல்லாத அவன் குரல் நாலு பாத்தி தாண்டவில்லை. முதலில் நிமிர்ந்தவள் சாராள். ஓடைமேட்டில் வாய்க்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"இன்னா மாணிக்கம், சமாச்சாரத்த நேர்லயே வந்து சொல்ற? எருமை எதுனா காணாமப் பூட்ச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"மனு இன்னைக்கே குடுக்கணுமாம். வந்து ரேகை வையுங்க."

"இன்னிக்கா? நீதானே பதினஞ்சுன்ன?"

அந்த இடத்தில்தான் அது நடந்தது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்கிற மூன்று வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இருபது பேர் சேற்றுக் கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாய் வேறொன்றைச் சொன்னது. "தேதிய முன்னாடி தள்ளிட்டாங்க. காலையிலதான் தெரிஞ்சுது."

"நாசமாப் போறவனுங்க" என்று சாராள் சேற்றை உதறினாள். "கேக்க ஆள் இல்லன்னு தேதிய மாத்தறானுங்களா?" பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து இடது பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். வைத்து முடித்த ஒருத்தி பக்கத்துக் கழனிக்கு ஓடி இன்னும் மூன்று பேரை அழைத்து வந்தாள். இருபத்து மூன்று ரேகை. ஒவ்வொருத்தியும் போகும்போது, "நல்லவேள, நீ வந்து சொன்ன நைனா" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஸ்டேஷனுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது கைகாட்டி இறங்கிவிட்டது. கன்னியம்மா பதினேழு ஆம்பிளைகளைத் தண்டவாளத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் தலையில் சும்மாட்டோடு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள். மேஸ்திரி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் காகிதத்தைப் பரப்பி, அக்கா ஒவ்வொருவன் கையாகப் பிடித்து மையில் அழுத்த, ராஜமாணிக்கம் அவரவர் பெயரைத் தேடிக் காட்டினான்.

"தேதிய மாத்திட்டாங்களாமே மாணிக்கம்?" என்றான் ஒருவன். "அக்கா சொல்லிச்சி. சர்க்காரு பேஜாரு பண்றான்."

ராஜமாணிக்கம் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் அடுத்தவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இவன் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை. வண்டி கூவிக்கொண்டு உள்ளே வந்தது. யாரோ அவனைத் தூக்கிப் பெட்டிக்குள் தள்ளினார்கள்.

தச்சூர்ப் பக்கத்து வயல்கள் ஜன்னலில் ஓடத் தொடங்கிய பிறகுதான் எண்ணிப் பார்த்தான். நாற்பது. மறுபடியும் எண்ணினான். இருபத்தொன்பதாவது பெயருக்கு எதிரே வெள்ளையாக இருந்தது. கன்னியம்மா. ஊரெல்லாம் விரலைப் பிடித்து அழுத்தியவள் தன் விரலை வைக்க மறந்துபோனாள். எதிர் சீட்டில் முறுக்குக் கூடையோடு ஒரு கிழவர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். மைப் பெட்டி மடியில் இருந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான், ஆனாலும் பொன்னேரி வரும்வரை யோசித்தான். வண்டி நிற்பதற்குள் இடது பெருவிரலை மையில் அழுத்தி அந்த வெள்ளையில் வைத்துவிட்டான். தெளிவாக, கோடு கோடாக விழுந்தது.

தாசில்தார் ஆபீஸ் கவுண்டரில் மணி நாலு ஐம்பது. குமாஸ்தா பக்கங்களைப் புரட்டி, முத்திரையைக் குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். போகத் திரும்பியவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இதுல ரேகை வெச்சவங்க அத்தனை பேரும் விசாரணைக்கு நேர்ல வரணும். அன்னைக்கு மறுபடியும் ரேகை எடுத்து ஒத்துப் பார்ப்பாங்க. ஒண்ணு மாறினாலும் மொத்த மனுவும் சந்தேகத்துக்குப் போயிடும், சொல்லிடு."

"சொல்லிடறேன் சார்" என்றான். படி இறங்கினான். ஒரு வீட்டைக் காப்பாற்றினேனா, நாற்பத்தொரு வீட்டுக்கும் சேர்த்துத் தீ வைத்தேனா? வழியில் இருந்த குழாயடியில் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அந்த ஊதா போகிற ஊதா இல்லை.

ஏழுகண்பேட்டைக்குத் திரும்பியபோது ரேடியோ அறைக்கு முன்னால் ஓடைமேடே உட்கார்ந்திருந்தது. ரசீதைக் காட்டினான். சாராள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ இல்லாங்காட்டி நாங்க நடுரோட்டுல நின்னுகினு இருப்போம்" என்றாள். கன்னியம்மா மட்டும் எழுந்து ஜன்னலுக்கு வந்தாள்.

"தம்பி, எல்லாத்தையும் பாத்தேன், என்னுது வெக்கலடா. நீ போனப்புறம் நெனப்பு வந்து நெஞ்சே அடைச்சிக்கிச்சி" என்று மெதுவாகச் சொன்னாள். சுத்தமான இடது பெருவிரலைக் கம்பிக்கு இடையே நீட்டிக் காட்டினாள். "நாளைக்குப் போய் வெச்சிட்டா, ஒத்துக்குவாங்களா?"

அவன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தலைக்கு மேலே பல்பு எரிந்தது, வேப்பமரத்துக் குழாய் உறுமியது, வெளியே அத்தனை முகமும் மேலே திரும்பியது. மணி ஆறே முக்கால். மாநிலச் செய்திகூட முடிந்திருக்கும். ஊர் சமாச்சாரத்துக்குக் காத்திருந்தது.

வலது கையில் மைக்கை எடுத்தான். சுவிட்ச் இடது பக்கம். கை தானாக முதுகிலிருந்து வந்து அதைத் தள்ளியது.

"ஓடைமேட்டு மக்களுக்கு ஒரு சமாச்சாரம்." மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே பிடித்தான். "தேதிய சர்க்காரு மாத்தல. யாரும் மாத்தல. நான்தான் தப்பா சொன்னேன். கழனியில வந்து சொன்னதும் பொய்யி. நோட்டீஸ்ல இருந்தது ஆடி பதினஞ்சு இல்ல. ஜூலை..."

குழாய் வீல் என்று கத்தியது. மரத்திலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன. யாரும் சிரிக்கவில்லை.

ராஜமாணிக்கம் ஜன்னலைப் பார்த்தான். கன்னியம்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பல்பு வெளிச்சத்தில், சுவிட்சின்மேல் ஊதாவாக இருந்த அவன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிக்கு இடையே நீட்டியிருந்த தன் விரலை மெல்ல மடக்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.