மேசை இல்லாத வரவேற்பறை

கரக் நகரில் நவ்வாஃபின் லாரி கம்பெனிக்கு வரவேற்பறை வடிவமைத்தவள் தஹானி. "சின்ன மேசைகூட வேண்டாம், உயரமான ஸ்டூல் மட்டும் போதும்" என்று அவன் பிடிவாதமாக நின்றதன் காரணம், திறப்பு நாளன்றுதான் அவளுக்கு உறைத்தது.

நவ்வாஃப் வேலையிலிருந்து துரத்திய டிரைவர் ஸாமிலின் அப்பா, மகனுக்காகப் பேச வந்திருந்தார். கையில் காப்பிக் கோப்பை. அந்த ஊர் வழக்கப்படி, கோரிக்கையோடு வருபவர் தனக்குத் தந்த காப்பியைக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டால், அந்த இடத்துக்காரர் அவர் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். குடித்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்திருந்த கிழவருக்குத் தரை எட்டவில்லை. கோப்பையை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"குடிங்க பெரியப்பா, ஆறிடப் போகுது" என்று சிரித்தான் நவ்வாஃப்.

தஹானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூலையில் மிச்சம் கிடந்த ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து வந்து கிழவர் முன்னால் போட்டாள்.

"இதுல வைங்க பெரியப்பா."

கோப்பை மெல்ல இறங்கியது. நவ்வாஃபின் சிரிப்பு நின்றது.

"யாரைக் கேட்டு இதைப் போட்ட?"

"வர்றவங்களுக்குத்தானே வரவேற்பறை போடச் சொன்னீங்க? அவர் வச்சிட்டாரு. இனி நீங்க கேளுங்க."