இரண்டாவது டிங்

யூசெபியோவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் ரிசீவரை எடுக்க வேண்டியிருந்தது. பாலிகிளினிக்கிலிருந்து வந்த இளம் டாக்டர் அந்த வேலையைச் செய்தபோது மகள் நெரெய்தா கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் கடைசியில் விட்டது. டாக்டர் ரிசீவரைத் தன் சட்டையில் துடைத்து அதனிடத்தில் வைத்தார்.

“யாரையோ கூப்பிடப் பாத்திருக்காரு போல,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். “இதயம் நின்னா எல்லாம் நொடியில முடிஞ்சிரும். கூப்பிட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்ல,” என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

யாரை எப்படிக் கூப்பிட்டிருக்க முடியும்? லைனில் அவள் அல்லவா இருந்தாள்!

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டு மேசைமேல் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டயல் டோன் இல்லை என்று திரையில் ஒரு சின்னச் சதுரம் எழுதி வைத்திருந்தது. மாலையில் டிவி தொடரின் நடுவில் இணைப்பு அறுந்ததிலிருந்து தொடர் முடியும்வரை அவள் அந்தச் சதுரத்தோடுதான் மல்லுக்கட்டினாள். முதலில் மோடத்தை அணைத்துப் போட்டாள். பிறகு டயல் செய்கிற புரோகிராமை நீக்கிவிட்டு, நூலகத்து ஒஸ்வால்தோ கொடுத்த சிடியிலிருந்து மறுபடி ஏற்றினாள். ஒயரைப் பிடுங்கி, முனையில் ஊதி, மறுபடி செருகினாள். நடுவில் ஒருமுறை குரல் கொடுத்தாள்: “அப்பா, போனை ஒழுங்கா வச்சிருக்கீங்களா?” வழக்கமாக வருகிற “வச்சிருக்கேன் மகளே” வரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். செத்துக் கிடந்த மனிதரின் பக்கத்து அறையில் உட்கார்ந்து சாஃப்ட்வேரைப் பழுதுபார்த்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த வீட்டுக்கென்று தனி டெலிபோன் கிடையாது. சியென்ஃபுவேகோஸ் நகரத்தில் அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்குக் கிடையாது. கீழ்வீட்டு பசிலியாவின் பெயரில் இருந்த லைனிலிருந்து ஒயர் இழுத்து, முற்றத்து மாமரத்தில் ஒரு சுற்று சுற்றி, ஜன்னல் வழியாக மாடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பசிலியாவின் கூடத்தில் பழைய கறுப்பு டெலிபோன். மாடியில் அப்பாவின் தலைமாட்டில் ஒன்று. முதல் மாரடைப்புக்குப் பிறகு, ஆபத்துக்கு உதவட்டும் என்று நெரெய்தாதான் அதை வாங்கி வைத்தாள். அதிலிருந்து இன்னொரு ஒயர் கம்ப்யூட்டருக்கு. மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அவள் வேலை பார்த்ததால் வீட்டிலிருந்து இணையத்தில் நுழைய அனுமதி இருந்தது. அவள் உள்ளே போகும்போது இரண்டு டெலிபோனையும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் அறுந்துவிடும்.

ஊர் முழுக்கத் தொடர் பார்க்க உட்காரும் நேரத்தில் யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டார்கள். அந்த நேரத்தைத்தான் அவளும் அவள் காதலன் அன்செல்மோவும் இணையத்தில் அரட்டை அடிக்க எடுத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் அன்செல்மோ கடலுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் இருக்கும் மெரிதாவுக்குப் போய் ஐந்து வருடமாகிவிட்டது. போனதிலிருந்து அவளையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் எழுதுவான், அவள் எழுதுவாள், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று இணைப்பு அறுந்துவிடும். மறுபடி பிடிப்பதற்குள் தொடர் முடிந்து, பசிலியாவின் போனுக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும்.

அவளும் பார்க்காத வைத்தியம் இல்லை. முற்றத்து ஒயரில் ஈரம் என்று பிளாஸ்டிக் சுற்றினாள். மோடத்துக்கான புரோகிராம் பழையது என்று புதியது போட்டாள், புதியது சரியில்லை என்று மறுபடி பழையதைப் போட்டாள். “உன் மோடத்துக்குக் காதல்னா ஆகாது போல. அரசாங்க மெயில் மட்டும் அனுப்பிப் பாரேன், ஓடும்,” என்று ஒஸ்வால்தோ கிண்டல் செய்தான். உண்மையிலேயே ஓடியது. நூலக வேலையாக எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாலும் அறுந்ததே இல்லை. அதற்கும் அவர்கள் இருவரும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்: அரட்டை புரோகிராம் லைனுக்கு அதிகப் பாரம்.

அறுந்த ஒவ்வொரு முறையும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து, அவளுடைய தோளில் கை வைப்பார். “அந்த சாஃப்ட்வேரை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுப் பாரேன், நெரி,” என்பார். தானே காப்பி போட்டுக் கொண்டுவருவார். ஒருமுறை அவள் ஆத்திரம் தாங்காமல் கீழே போய், நீங்கள்தான் வேண்டுமென்றே போனை எடுக்கிறீர்கள் என்று பசிலியாவிடம் கத்திவிட்டு வந்தாள். கோப்ரே மாதாமேல் சத்தியமாக நான் எடுக்கவில்லை என்றாள் பசிலியா. அன்றைக்கு அப்பாவும் மெதுவாகப் படியிறங்கிப் போனார். வெகு நேரம் கழித்து வந்து, “சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்,” என்றார். தனக்காகச் சண்டை போட ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அப்பா போன அந்த மாலை அன்செல்மோ சுற்றி வளைக்கவில்லை. வந்ததுமே எழுதினான்: “நான் எப்போ கேட்டாலும் நீ காணாமப் போயிடறே. லைன், மோடம்னு அஞ்சு வருஷமாக் கேட்டாச்சு. இன்னிக்கும் பதில் சொல்லாமப் போனா, அதுதான் உன் பதில்னு எடுத்துக்கிறேன்.” அவள் தயங்கியதை அங்கிருந்தே பார்த்தவன்போல அடுத்த வரியில் எழுதினான்: “பயப்படாத, இங்க வந்தா பல் பிடுங்கறதுக்கு உன்கிட்ட மட்டும் காசு வாங்க மாட்டேன்.” அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ‘வர்றேன்’ என்று அடித்தாள். அனுப்புவதற்குள் அறுந்தது.

மறுநாள் காலையில் இறுதிச் சடங்குக் கூடத்தில் சவப்பெட்டியைச் சுற்றி ஆடும் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சிமெண்ட் ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்து, நின்று, பெருமூச்சு விட்டுவிட்டு வாசலுக்குப் போய்ப் புகைபிடித்தார்கள். கையில் டெலிபோனோடு போனாராம் என்ற பேச்சு அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. பால்மிராவிலிருந்து வந்த அப்பாவின் தங்கை எதெல்வினா நாற்காலியில் உட்காரவேயில்லை. அண்ணனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நேராக நெரெய்தாவிடம் வந்தாள்.

“லைன்ல நீதான் இருந்தியா?”

“ஆமா அத்தை.”

“அந்த மெக்சிகோக்காரன்கூடவா?”

“ஆமா.”

எதெல்வினா விசிறியை விரித்து வேகவேகமாக வீசிக்கொண்டாள். சுற்றியிருந்த நாற்காலிகள் ஆட்டத்தை நிறுத்தியிருந்தன. நெரெய்தா அப்பாவின் குவாயபெரா சட்டையின் காலரைச் சரிசெய்தாள். ரிசீவரைக் காதில் வைத்ததும் தன்னுடைய மோடத்தின் கிறீச்சல்தானே கேட்டிருக்கும், அதைக் கேட்டுக்கொண்டுதானே போயிருப்பார் என்று நினைத்தாள். நான்தான் கொன்றேன். இனி மெரிதாவாவது ஒன்றாவது. அன்செல்மோவுக்குப் பதில் எழுதுவதில்லை என்று அங்கேயே, அப்பாவின் காலரைப் பிடித்தபடியே, முடிவு செய்துகொண்டாள்.

மூலை நாற்காலியில் ஃபிளாஸ்கை மடியில் வைத்திருந்த பசிலியா எழுந்துவந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இருவரும் அளவாகத்தான் பேசிக்கொள்வார்கள், ஆனால் கிழவியின் ரேஷன் பையை மார்க்கெட்டிலிருந்து தூக்கி வருவதை நெரெய்தா நிறுத்தவில்லை. “வா, காப்பி குடி,” என்று பின்பக்கத்து முற்றத்துக்கு இழுத்துப் போனாள். ஃபிளாஸ்கின் மூடியில் காப்பியை ஊற்றி, அதை அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“உன் அத்தைக்காரி பாத்த பார்வையை நீ சுமக்காத. அவரு யாரையும் கூப்பிடல.”

“கையில போன் இருந்துச்சுக்கா. நானே பாத்தேன்.”

“இருந்துச்சு. கூப்பிடறதுக்கு எடுக்கல.”

நெரெய்தாவுக்குப் புரியவில்லை. பசிலியா காப்பியைத் தானே ஒரு வாய் குடித்தாள்.

“என்னோடது பழைய போன். மேல நீங்க எடுத்தா என்னோடது டிங்னு ஒரு தடவை அடிக்கும். வச்சா இன்னொரு டிங். தொடர் பாக்க உக்காந்தா, நீ சிரிக்கிறது முற்றம் வரைக்கும் கேக்கும். நீ சிரிச்ச கொஞ்ச நேரத்துல ஒரு டிங். அப்புறம் ஒரு டிங். தினமும் அதேதான்.” அவள் நெரெய்தாவைப் பார்க்காமல் சுவரோரத்து வாளியைப் பார்த்துச் சொன்னாள். “நேத்தும் நீ சிரிச்சே. முதல் டிங் வந்துச்சு. ரெண்டாவது வரல. நானும் ஏதோ நினைச்சேன்... தொடர்ல அப்போ கல்யாணக் கட்டம். அதுல மறந்துட்டேன்.”

ஈரம், ஒயர், பழைய புரோகிராம், புதிய புரோகிராம், பசிலியா. ஒரு கோளாறுக்கு என்னென்ன காரணம் இருக்க முடியுமோ எல்லாவற்றையும் சோதித்திருந்தாள். தன் சிரிப்பை அவள் சோதிக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அன்செல்மோவின் பக்கத்து வீட்டுக் கிளி ஜோக், அறுந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு எழுதிய அசட்டுப் பாட்டு, அறுந்தது. ‘சந்தோஷமா இருக்கும்போதெல்லாம் ஓடிடறியே’ என்று அவன் ஒருமுறை எழுதியிருந்தான். நூலக மெயில் அனுப்பும்போது யார் சிரிப்பார்கள்?

“உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“நீ வந்து கத்தினியே, அன்னிலேர்ந்து. பின்னாடியே அவரு வந்தாரு. சண்டைக்குன்னு நினைச்சேன். இந்த முற்றத்துல நின்னு, கால்ல விழாத குறை. சொல்லிடாத பசிலியா, சொல்லிட்டா அவ போயிடுவான்னு.”

“மாதாமேல சத்தியம் பண்ணீங்க.”

“நான் எடுக்கலன்னுதானே பண்ணேன். நான் எடுக்கலையே.”

“அக்கா...”

“நீ போயிட்டா அவருக்கு யாரு?” என்றாள் பசிலியா. பிறகு, குரலைத் தாழ்த்தி, “எனக்குந்தான் யாரு இருக்கா?” என்றாள். ஆறிப்போன காப்பியை இப்போதுதான் நீட்டினாள். நெரெய்தா வாங்கிக்கொள்ளவில்லை.

பெட்டியை மூடும் முன் முத்தம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். நெரெய்தா குனிந்தாள். அப்பாவின் கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். இந்தக் கைதான் தோளில் வந்து உட்கார்ந்தது, இந்தக் கைதான் காப்பி கொண்டுவந்தது. ‘திரும்பப் போட்டுப் பாரேன், நெரி.’ சாஃப்ட்வேரை எடுத்துப் போட்டு எடுத்துப் போட்டு ஐந்து வருடம் அவள் முட்டாளாக இருந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். இரக்கப்பட்டு, காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டிருக்கிறார். போகாதே என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. கேட்டு அவள் இருந்துவிட்டால் அது அவருக்கு நன்றிக்கடன் ஆகிவிடும். இப்படியென்றால் வெறும் மோடம் கோளாறு.

அவள் முத்தம் கொடுக்காமல் நிமிர்ந்தாள். பாவம், உடைந்துபோயிருக்கிறாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவள் அழவில்லை. எதெல்வினா அதையும் கவனித்தாள்.

மாலையில் எல்லோரும் போன பிறகு வீட்டுக்கு வந்தாள். பசிலியா படிவரை கூட வந்து, ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். நெரெய்தா படியேறிப் போக, அவள் கீழேயே நின்றுவிட்டாள். அப்பாவின் கட்டிலில் விரிப்பை எடுத்திருந்தார்கள். டெலிபோன் டாக்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. நெரெய்தா அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், தொடவில்லை. பிறகு மேசைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

எதையும் நீக்கவில்லை, எதையும் மறுபடி ஏற்றவில்லை. மோடம் கிறீச்சிட்டு, இருமி, முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ஜன்னல்களுக்கு வெளியே தொடரின் ஆரம்பப் பாட்டு எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. அரட்டை ஜன்னலில் அன்செல்மோவின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. நேற்று இந்த நேரத்தில் பச்சையாக இருந்தது. அவள் ‘வர்றேன்’ என்று அடித்தாள், இந்த முறை அனுப்பினாள். அவர் வந்ததும் கொடுக்கப்படும் என்று ஜன்னல் மரியாதையாகச் சொன்னது.

காத்திருந்தாள். பாட்டு முடிந்து, விளம்பரம் இல்லாத அந்த ஊர்த் தொடர் நிற்காமல் ஓடியது. பெயர் சாம்பலாகவே இருந்தது. திரையின் மூலையில் இணைப்பு நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது, அரட்டைக்காக அவள் உட்கார்ந்த எந்த நாளிலும் அது அவ்வளவு தூரம் ஏறியதில்லை.

நெரெய்தா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பலகைச் சுவரைப் பார்த்து, முற்றம்வரை கேட்கும்படி, ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள்.

கீழே பசிலியா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். டிங் சத்தம் வரவில்லை. எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.