இரண்டாக மடித்த வரைபடம்

என் தையல் கடையை யாரோ உயிரோடு புதைத்துவிட்டார்கள். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன். செல்போன் வரைபடமோ "நிரந்தரமாக மூடப்பட்டது" என்கிறது. திருத்தச் சொல்லி மூன்று முறை எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மாதமாகப் புதுமுகம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கடையைக் காலி செய்துவிட்டு, ஏதாவது ஆலையில் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இருபது வருடம் யாருக்கும் கைகட்டாதவள் நான்.

"அந்தப் படத்தைப் பாத்து ஏன் அண்ணி பொலம்பறீங்க? நாமளே ஒண்ணு போடுவோம்" என்றாள் நாத்தனார். பேருந்து நிறுத்தத்தில் பழக்கடை வைத்திருப்பவள். "இறங்கித் தையல்கடைக்கு வழி கேக்கறவங்க கையில நான் கொடுக்கறேன்."

போட்டேன். தெருவோரம் தூங்கும் நாய், மத்தியானம் நிழல் விழும் பக்கம், உட்கார்ந்தால் விரட்டாத வீட்டுப் படி, கடைசியில் என் கத்தரிக்கோல். எழுத்தே கிடையாது, எல்லாம் படம். வெள்ளை லைனிங் துணியை இரண்டாக மடித்து, நடுவே இருபக்கக் கார்பன் தாளை வைத்து, மேலே துணியில் குறி போடும் பல்சக்கரத்தை ஓட்டினேன். ஒரே ஓட்டத்தில் இரண்டு படம். ஐந்து ஓட்டத்தில் பத்து. எட்டை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு இரண்டை வைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை நாத்தனார் போன் செய்தாள். "ஒரு அம்மா துணிப்பையோட கிளம்பிட்டாங்க அண்ணி. பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க."

ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. கைவசம் வைத்திருந்த இரண்டு படங்களையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றில் நாய் இடப்பக்கம் தூங்கியது, இன்னொன்றில் வலப்பக்கம். சட்டையின் இடது கைக்கும் வலது கைக்கும் துணியை மடித்துச் சேர்த்து வெட்டுகிற பழக்கத்தில் தெருவையும் அப்படியே போட்டிருக்கிறேன்! பத்தில் ஐந்து இடம்வலம் மாறிப்போனவை. வராமல் வந்த ஒரே ஆளையும் நானே தொலைத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அம்மா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"நல்லா போட்டீங்க படம்! ஊரையே ஒரு சுத்து சுத்திட்டேன்."

"மன்னிச்சுக்குங்கம்மா, என் தப்புதான். போனைப் பாத்துத் திரும்பிப் போயிருப்பீங்களோன்னு பயந்துட்டேன்."

"பாத்தேனே. மூடியாச்சுன்னு போட்டிருந்தது. அதான் வழியெல்லாம் இந்தத் துணியைக் காட்டி, கடை இருக்கான்னு கேட்டுட்டே வந்தேன். ஒன்பது பேரைக் கேட்டிருப்பேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அவங்களா? காய்ச்சல்னாலும் கடையைத் திறந்துடுவாங்களே'ன்னு சிரிக்கிறாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம!"

நான் நாடாவை எடுத்தேன். அழுகையும் வந்துவிட்டது.

"ஐயோ, ஏங்க அழறீங்க?"

"ஒண்ணுமில்ல. கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்."