லுமீராவின் இடத்தில் நாங்கள்

மத்தியதரைக் கடல் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்களை, அவர்கள் போகவிருக்கும் தீவு முதலில் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும். பெரிய தீவுகள் ஆளை அனுப்பும். சின்னத் தீவுகள் தாமே வரும். நாங்கள் போக நினைத்த லுமீரா சின்னத் தீவு என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் திருச்சிக்கு வந்தது.

துணைக்கு அத்தை முறையுள்ள இன்னொரு தீவும் வந்திருந்தது. அத்தைக்குப் பெரிய உடம்பு, எங்கள் வீடோ மூன்றாவது மாடி. அது படியேற முடியாமல் தில்லைநகர்க் குறுக்குத் தெருவிலேயே நின்றுகொண்டது. ஆட்டோக்கள் சுற்றிக்கொண்டு போயின.

லுமீரா தன் படகுத்துறையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தது. சோபா கொஞ்சம் ஈரமானது. அதன் மேலிருந்த ஆடு எங்கள் ஜன்னல் திரையை மோந்து பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது. நல்ல திரைதான்.

எனக்கு இந்தப் பயணம் நடந்தே ஆக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் சிற்றரசுவும் தனியாக எங்கேயும் போனதில்லை. தேனிலவுக்குக் கொடைக்கானல் போனோம், கூடவே பதினோரு பேர். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா. சிற்றரசு நல்ல மனிதர்; யாரிடமும் வேண்டாம் என்று மட்டும் சொல்ல வராது. ‘நாங்களும் வரட்டுமா?’ என்று யார் கேட்டாலும் முகம் மலர்ந்து தலையாட்டிவிடுவார். பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அன்றைக்கும் அவருடைய அக்கா திலகவதி யாரும் கூப்பிடாமலே வந்து, கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டு, பட்டுப்புடவையில் நின்றிருந்தார். தீவு கேசரியைத் தொடவில்லை. பஜ்ஜியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டது.

“சத்தம் போடுவீங்களா?” என்று என்னைக் கேட்டது.

“இல்லைங்க. சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்.”

“எத்தனை பேர் வருவீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் திலகவதி முந்திக்கொண்டார். “எல்லாரும்தான். எங்க தம்பி எங்களை விட்டுட்டு எங்கயும் போவாது.”

“எங்கிட்ட ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு.”

“அதுக்கென்ன, நாங்க ஓரமா ஒண்டிக்குவோம்.”

தீவு என்னைப் பார்த்தது. நான் சிற்றரசுவைப் பார்த்தேன். அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று தீவு எழுந்துகொண்டது.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என்னைப் பெண் பார்க்க வந்த நாலு வீட்டார் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

வாசலில் சிற்றரசு வழியனுப்பும் குரல் கேட்டது. வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். “கண்டிப்பா ஒரு வாரம் வந்து தங்கிட்டுப் போகணும். நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க.”

படகுத்துறையை மாட்டிக்கொண்டிருந்த தீவு நிமிர்ந்தது.

“நெசமாவா? இத்தனை காலத்துல எல்லாரும் எங்கிட்ட வந்தாங்களே தவிர, ஒருத்தர்கூட என்னை வான்னு கூப்பிட்டதில்லை.”

சிற்றரசுவுக்கு இல்லை என்று சொல்ல வராதே. “நெசமாத்தான்” என்றார். தீவு உள்ளே வந்து காலை நீட்டிக்கொண்டது. ஆடு இரண்டாவது திரைக்குப் போனது.

தீவு விருந்துக்குப் போனால், அழைத்தவர்கள் போய் அதன் இடத்தில் கிடக்க வேண்டும். எல்லாக் கடலிலும் இதுதான் ஏற்பாடு. கடலில் வெற்றிடம் விட்டால் கப்பல்கள் குழம்பிப் போகும். “ரெண்டே பேர்” என்று தெருவிலிருந்து அத்தை சொன்னது. திலகவதி கிளம்பத் துடித்தார். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போட அவருக்கு மனம் வரவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். நாங்கள் அத்தையின் மேல் ஏறிப் புறப்பட்டோம்.

போய்ச் சேர்ந்ததும் அத்தை எங்களை மல்லாக்கப் படுக்க வைத்தது. “கையைப் பிடிச்சுக்குங்க. நடுவுல இடைவெளி விட்டா ரெண்டு தீவுன்னு எழுதிடுவாங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது.

மலை தானாகவே சிற்றரசுவின் வயிற்றில் அமைந்தது. அதற்காக அவர் பல வருடம் சாப்பிட்டு உழைத்திருக்கிறார். என் கூந்தல் கடற்பாசிக்குப் போதும் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். காலையில் படகு வரும். துறை திருச்சியில் இருந்ததால் கயிற்றை அவருடைய கால் கட்டைவிரலில் கட்டுவார்கள். பயணிகள் இறங்கி, என் முழங்காலருகே குடையை நட்டு, துண்டை விரித்து வெயில் காய்வார்கள். மாலைப் படகில் எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு நானும் அவரும்தான்.

அவர் பேச ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் நான் கேட்காத பேச்சு. கேசரி அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். அக்கா வருத்தப்படுவார் என்று ஐந்து வயதிலிருந்து தின்றுகொண்டிருக்கிறாராம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடலோர ஊர்களில் லேசான நில அதிர்வு என்று செய்தி வந்தது.

கேசரியைப் பற்றி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பக்கத்து நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள்.

ஒருநாள் காலையில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. திலகவதி.

“தம்பி, உன் தீவு ரொம்பத் தங்கமானதுப்பா. மொட்டை மாடியில ஏறிப் படுத்து, வடாம் காயப்போட முதுகுல எடம் குடுத்துச்சு. ரெண்டு பேரும் தனியா என்ன பண்றீங்களோன்னு இங்க எல்லாருக்கும் கவலையா இருக்கு. அதுக்குச் சாப்பாடு ஆக்கி வச்சுட்டு, படகு எடுத்துக் கிட்ட வந்துட்டோம். பதினோரு பேரும் வர்றோம்.”

“சரிக்கா” என்றார் சிற்றரசு. “வாங்க வாங்க.”

என் கண்ணிலிருந்து வழிந்தது உப்புத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. முன்னால் பட்டுப்புடவை மின்னியது. யாரோ தூக்குவாளியை உயர்த்திக் காட்டினார்கள்.

சிற்றரசு படகைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“மங்கை, உனக்குக் காலை அசைக்க வருமா?”

“வரும்னு நெனைக்கிறேன்.”

“மெதுவா ஆரம்பிப்போம். அக்காவுக்குத் தெரிய வேணாம்.”

அந்த ‘வேணாம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இருவரும் காலை அசைத்தோம். முதலில் கடல் நகர்வதுபோல் இருந்தது, பிறகு நாங்கள்தான் நகர்கிறோம் என்று புரிந்தது. படகு வேகமெடுத்தது. நாங்களும் வேகமெடுத்தோம். அவருடைய வயிற்று மலை அலையைக் கிழித்துக்கொண்டு போனது. தூக்குவாளி சின்னப் புள்ளியாகி மறைந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்கு எத்தனை பள்ளிக்கூடங்களை மூடினார்களோ தெரியாது.

ஜிப்ரால்டரை நெருங்கியபோது வழி குறுகியது. எதிரே ஒரு கண்டம், கையில் பெட்டியோடு, விடுமுறைக்கு வந்துகொண்டிருந்தது. பிடித்த கையை விடாமலே ஓரமாக ஒதுங்கி, அதற்கு வழிவிட்டோம்.