மோட்டார் ஓடும்வரை

லியாகத் அலி மீட்டரின் இரண்டு கம்பிகளையும் சுவரிலிருந்த பிளக் ஓட்டைக்குள் சொருகினார். முள் துள்ளி எழுந்து இருநூற்றுப் பத்தில் நின்று ஆடியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். செவ்வந்திக்கு அந்தக் கருவியும் தெரியாது, முள்ளின் கணக்கும் தெரியாது. உதடு பிதுங்கினால் காரியம் ஆகவில்லை என்பது மட்டும் தெரியும்.

“இன்னும் இறங்கணும் தங்கச்சி. இந்தப் பெட்டிக்கு நூத்தி இருபத்தேழுதான். இழுத்துப் பிடிச்சா நூத்தி நாப்பது தாங்கும். இப்பச் சொருகினா புகைஞ்சிடும்.”

டேப் ரிக்கார்டர் பெட்டி கூடத்தின் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், முன்னால் வரிசையாக வெள்ளிப் பொத்தான்கள். அவள் புருஷன் வைரக்கண்ணு தம்மாமில் வாங்கி, அதே கேம்ப்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்த லியாகத் அலியிடம் கொடுத்தனுப்பியது. சவூதி கரண்டு நம்முடையதில் பாதிதான் என்பதெல்லாம் வாங்கிய மகராசனுக்குத் தோன்றவில்லை. பளபளப்பு கண்ணை மறைத்துவிட்டது. கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் திருச்சியில் கிடைக்கும் என்று லியாகத் அலி சொன்னார். திருச்சிக்குப் போய்வர நேரம் ஏது? நாளைக் காலை பத்து மணிக்குத் தாசில்தார் வயலுக்கே விசாரணைக்கு வருகிறார். பேட்டரி போட அந்தப் பெட்டியில் இடம் கிடையாது. ஊரில் இன்னொரு டேப் இருந்தது குஞ்சிதபாதம் பிள்ளை வீட்டில். அங்கே போய், உங்கள்மேல் நான் கொடுத்த மனு விஷயமாகப் புருஷன் பேசின கேசட்டு வந்திருக்கிறது, கொஞ்சம் போட்டுக் காட்டுங்கள் என்றா கேட்கமுடியும்?

ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். பிள்ளைக்குச் சொந்தம், வைரக்கண்ணுவின் குத்தகை. அவன் அப்பன் அதே வயலில் கூலிக்கு நட்டவர். குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்து வருஷங்களாகியும் பிள்ளையின் நிலத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. போன தையில்தான் விவசாயச் சங்கத்து ஆட்கள் செவ்வந்தியிடம் மனுவில் கைநாட்டு வாங்கினார்கள். பிள்ளை கோபப்படவில்லை. சாவடியில் பத்துப் பேருக்கு நடுவில் சிரித்துக்கொண்டே, “உன் புருஷன் பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே நிலத்தை விட்டுட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனான். அவனையே கேளு” என்றார். அந்தச் சிரிப்பு அவளை ஆறு மாதமாகத் தூங்கவிடவில்லை. கேட்டு எழுதினாள். எழுதத் தெரியாத வைரக்கண்ணு மற்ற கடிதங்களைக் கேம்ப்பில் யாரையாவது எழுதச் சொல்லுவான். இந்த விஷயத்தை இன்னொருத்தர் கையில் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. கேசட்டில் பேசி அனுப்பிவிட்டான்.

யோசனை லியாகத் அலியுடையது. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. குறுவை நாற்றைக் காப்பாற்ற ஊரே போர் மோட்டாரை நம்பியிருந்தது. மூன்று மணிக்கு வயல் லைனுக்குக் கரண்டு விட்டதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடுவார்கள். வீட்டு பல்பெல்லாம் மின்மினிப் பூச்சியாகிவிடும். இந்த இழவு வோல்டேஜைத் திட்டாத வாய் ஊரில் இல்லை. இன்று ஒருத்தி அதற்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு மோட்டாராகச் சத்தம் கேட்டது. முள் நூற்று எழுபதுக்கு வந்தது. அப்புறம் அசையவில்லை.

“பெரிய மோட்டார் யார்து?” என்றார் லியாகத் அலி.

“அவரோடதுதான் பாய். பத்து குதிரைச் சக்தி.”

அதுவும் எழுந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த உறுமலில் கூடத்து பல்பு சிவந்து சுருங்கியது. முள் நூற்று முப்பத்தெட்டு. லியாகத் அலி பிஸ்மி சொல்லி, பெட்டியின் வயரைச் சொருகி, சுவிட்சைத் தட்டினார். கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

“அந்த மோட்டார் நின்னா, கண்ணு சிமிட்டுறதுக்குள்ள ஏறிடும். நான் சட்டுனு அணைச்சிடுவேன், பதறாத. இன்னொண்ணு, கரண்டு ஓட்டத்துலயும் வித்தியாசம் உண்டு. குரல் கொஞ்சம் கனமா வரும்.”

கனமாக மட்டும் வரவில்லை. யாரோ அறுபது வயதுக்காரர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. “செவ்வந்தி. நல்லா இருக்கியா?” என்று அந்த ஆள் கேட்டபோது அவளுக்குப் பதில் சொல்லக் கூசியது. வெயில், சாப்பாடு, ஃபோர்மேன், பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை என்று அவன் சுற்றிச் சுற்றி வந்தான். அவளுக்கு ஒரு காது பெட்டியில், ஒரு காது வாய்க்காலுக்கு அப்பால். சீக்கிரம் சொல்லித்தொலை என்று பல்லைக் கடித்தாள். எந்த நிமிஷமும் பிள்ளை மோட்டாரை நிறுத்தச் சொல்லலாம். பெட்டி வந்ததும், அது எதற்குக் காத்திருக்கிறது என்பதும் தெருவுக்கே தெரிந்த சங்கதி.

வாசலில் நிழல் விழுந்தது. பிள்ளையின் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் காத்தான். முழங்கால்வரை சேற்றோடு நின்றான். லியாகத் அலி பொத்தானை அழுத்தி டேப்பை நிறுத்தினார்.

“என்னடா, நிறுத்தப் போறியா?” என்றாள் செவ்வந்தி. குரல் அவளையறியாமல் கெஞ்சியது.

காத்தான் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இல்லக்கா. இருட்டுற வரைக்கும் மோட்டார் ஓடுமாம். அவசரப்படாம, ஒண்ணும் விடாமக் கேக்கச் சொல்லுன்னாரு அய்யா.”

அவன் போன பிறகும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிடுவார் என்று பயந்தது எவ்வளவோ மேல். ஓடட்டும் என்கிறார் என்றால் உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். லியாகத் அலிக்கும் புரிந்திருக்கவேண்டும். அவர் மீட்டரைவிட்டுக் கண்ணைத் திருப்பவேயில்லை.

“போடுங்க பாய்” என்றாள்.

“...அறுவடைச் சண்டை கேஸ் ஞாபகம் இருக்குல்ல? அதுல என் பேரு இருக்கிற வரைக்கும் பாஸ்போர்ட்டு வராதுன்னுட்டாங்க. புகாரை அவருதான் வாபஸ் வாங்கணும். போய்க் கால்ல விழுந்தேன். நிலத்தை விடுறியான்னு கேட்டாரு. விட்டுட்டேன்னு சொன்னேன். ஒன்கிட்டச் சொல்லத் துப்பு இல்ல. நெசம் செவ்வந்தி, அவரு சொல்றது நெசம்தான்...”

அதற்கப்புறமும் பேசினான். அழுதான் என்றுகூட நினைக்கலாம். அந்தக் கனத்த குரலில் எதையும் பிரித்தறிய முடியவில்லை. டேப் முடிந்து பொத்தான் தானாகத் துள்ளியது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளைமேல் அல்ல. மூன்று வருஷம், ஆறு போகம், இடுப்பு ஒடிய அந்தச் சேற்றில் குனிந்து கிடந்தவளிடம் இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று.

லியாகத் அலி வயரைச் சுருட்டினார். “டேப்பு விஷயத்துல நான் வாயைத் திறக்கமாட்டேன் தங்கச்சி. கரண்டு ஏறிக் கருகிடுச்சுன்னு சொன்னாலும் யாரு கேக்கப்போறா?”

அவள் கேசட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் வயல் லைனுக்குக் காலை முறைக் கரண்டு. தாசில்தார் வந்தபோது பிள்ளை வெள்ளை வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். கும்பிட்டு முடித்ததும், “புருஷன்காரன் பேசின கேசட்டு வந்திருக்குங்க. என் வீட்டுல டேப் இருக்கு, கொண்டாரச் சொல்றேன். எல்லாரும் கேட்டுடுவோம்” என்றார்.

சங்கத்து ஆட்கள் செவ்வந்தியைப் பார்த்தார்கள். கருகிவிட்டது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

“டேப்பு வேணாங்க” என்றாள். “நானே சொல்றேன். அய்யா சொல்றது நெசம். எங்க வீட்டுக்காரரு விட்டுட்டாரு. கேஸை எடுக்கறதுக்காக, பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே விட்டுட்டாரு.”

சங்கத்துக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளை சிரித்தார், அதே சாவடிச் சிரிப்பு.

“ஆனா அவரு விட்டு மூணு வருஷமாச்சுங்க. அன்னையிலேர்ந்து இந்த வயலை வச்சிருக்கிறது யாரு? நாத்து விட்டது நான், நட்டது நான், களை பறிச்சது நான். குத்தகை நெல்லை ஒவ்வொரு போகமும் அய்யா யார் கையால வாங்கினாரு? அவரு கையாலயா? அவருதான் விட்டுட்டுப் போயிட்டாரே!”

தாசில்தார் குடையை இன்னொரு கைக்கு மாற்றினார். “வாங்கினீங்களா?”

“பாவம், பொம்பளை பொழைச்சுப் போகட்டும்னு நான்...”

“நெல்லு வாங்கினீங்களா, இல்லையா?”

பிள்ளை தூரத்து நாற்றங்காலைப் பார்த்தார்.

“களத்துலேர்ந்து இவரு வீட்டுக்கு நெல்லைக் கொண்டுபோனது யாரும்மா?”

செவ்வந்தி கையை நீட்டினாள். மோட்டார் கொட்டகை வாசலில் காத்தான் நின்றிருந்தான். தாசில்தாரின் ஆள் அவனைக் கூப்பிட்டான். அவன் உடனே வரவில்லை. உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினான்; அந்தப் பக்கமே திடீரென்று அமைதியானது. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தான். ஒற்றை ஆள் போகும் வரப்பு. நடுவில் பிள்ளை நின்றிருந்தார். காத்தான் அவருக்கு எதிரே வந்து நின்றான். அவர் விலகவில்லை. அவன் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு வரப்பைவிட்டு வயலுக்குள் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய, அவரைச் சுற்றிக்கொண்டு தாசில்தாரிடம் வந்தான்.